பழைய மோட்டார் சைக்கிளின் முன் பிறேக்

வண்டியை ஓடச் செய்வது இயந்திரத்தின் வேலை. உரிய இடத்தில் நிற்கச் செய்வது பிறேக்கின் வேலை. பழைய மோட்டார் சைக்கிள்களைப் பேணுவோர் முன்னதிற் காட்டும் சிரத்தையைப் பின்னதிற் காட்டுவது அரிது. பளபளக்கும் வண்டியொன்று, பிள்ளையொன்று குறுக்கே ஓடிவரும் வேளையில் நில்லாது போகுமாயின், அந்த அழகினால் ஆவது என்ன?

பிறேக்கை அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மீது சாய்கிறது. பின்சக்கரம் இலேசாகி எளிதில் வழுக்குகிறது. ஆகவே நிறுத்தும் பணியிற் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கே உரியது. வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்தபின் வண்டி செல்லும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது.

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து பீ. எஸ். ஏ. நிறுவனம் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாண்டம்' என்னும் சிறு வண்டியை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் பிறேக் டிரம்மின் குறுக்களவு சிறியதே. அதனுள்ளே பிறை வடிவான இரு கட்டைகள் உள. கைப்பிடியை அழுத்தினால் கேபிள் ஒரு நெம்பைத் திருப்புகிறது. நெம்பு கட்டைகளை விரித்து டிரம்மோடு உராயச் செய்கிறது. சுழலும் டிரம் ஒரு கட்டையைத் தன்பால் இழுத்து இறுகச் செய்யும். மற்றதை விலக்கித் தள்ளும். இவ்வாறு இயல்பிலேயே அளவான வலிமையுடைய பிறேக்கில், கையின் விசை வழியிலே வீணாகாது பார்ப்பதே முதற் பரிகாரமாகும்.

முதலாவதாகக் கேபிளை நோக்குக. துருவும் கூரிய வளைவும் விசையைத் தின்றுவிடும். இழைகள் அறுந்திருந்தால் புதியதை இடுவதே முறை. அடுத்து, பிறேக் பிடிக்கும் நிலையில் நெம்புக் கைக்கும் கேபிளுக்கும் இடையே ஏறக்குறைய 90 பாகைக் கோணம் இருத்தல் வேண்டும். கோணம் பிசகினால் இழுவை வீணாகும்.

மூன்றாவது, கட்டை டிரம்மோடு முழுமையாகப் பொருந்துதல். புது லைனிங்கின்மீது சுண்ணக்கட்டியைப் பூசிச் சக்கரத்தைச் சுழற்றி மெல்ல பிறேக் பிடித்தால், எவ்விடம் தொடுகிறது என்பது புலனாகும். நுனி மட்டும் தொடுமாயின், டிரம்மின் அளவுக்கேற்பக் கடைந்து கொள்ளுதல் நன்று. டிரம்மே வட்டம் பிசகியிருந்தால் அதனையும் கடைய வேண்டும். எண்ணெய் ஊறிய லைனிங்கை மாற்றுவதே தக்கது. எண்ணெய் கசியும் இடத்தையும் அடைத்தல் வேண்டும்.

நான்காவது, அச்சின் நட்டைத் தளர்த்தி, பிறேக்கை இறுகப் பிடித்தபடியே மீண்டும் முறுக்குதல். அப்பொழுது கட்டைகள் டிரம்மின் நடுவே அமையும். செலவில்லாத இச்சிறு வேலை பல வேளைகளில் நல்ல பயன் தரும்.

எச்சரிக்கையொன்றும் உண்டு. பழைய லைனிங்குகள் பலவற்றிற் கல்நார் கலந்துள்ளது. அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஊதியோ தேய்த்தோ துப்புரவு செய்யாது, ஈரத்துணியால் துடைத்து, கல்நாரற்ற லைனிங்கை இடுதல் வேண்டும்.

இவையெல்லாம் செய்தபின், வெறுந்தெருவில் குறைந்த வேகத்திற் பலமுறை சோதித்தல் அவசியம். எனினும் அது பழைய பிறேக்கே. 1969இல் ஹொண்டா சீ. பீ. 750 வண்டியில் வந்த தட்டு பிறேக்கின் வலிமையை அதனிடம் எதிர்பார்த்தல் தகாது. முன்னே செல்லும் வாகனத்துக்கும் தனக்கும் இடையே போதிய தூரம் விடுபவனே அவ்வண்டியை நெடுங்காலம் ஓட்டுவான்.