சேர்ந்து மடங்கும் மூலக்கூறுகள்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், பாலாற்றுப் பாலத்தை ஒட்டி இருக்கிறது செவிலிமேடு. இராமானுசர் வரதருக்குத் தீர்த்தம் சுமந்த சாலைக்கிணறு இருக்கும் ஊர் என்று பலருக்குத் தெரிந்திருக்கும். பட்டோடு புழங்கும் இந்தப் பக்கத்தில் யாரிடமாவது ஒரு துண்டு சரிகை கேட்டு வாங்கி, நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேலே தங்க முலாம். அதற்குக் கீழே மயிரிழைபோல் சுற்றிய வெள்ளி. அதற்கும் உள்ளே சிவப்புச் சாயம் ஏறிய பட்டு நூல். அசல் சரிகைக்கு அந்தச் சிவப்பைத்தான் அடையாளமாகச் சொல்வார்கள். சாயமும் உலோகமும் இத்தனை நெருங்கிக் கிடக்கும் பொருள் நம் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. சாயக் குடும்பத்து மூலக்கூறு ஒன்றைத் தங்கத்தின் மேலேயே நிறுத்தி, அதன்மீது ஒளியைப் பாய்ச்சினால் என்ன ஆகும்? இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

துணிக்கு ஏற்றும் செயற்கைச் சாயங்களில் பெரும்பகுதி அசோ சாயங்கள். நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்திருக்கும். இருபுறமும் கரிம வளையங்கள். இந்தக் குடும்பத்தில் எளிமையானது அசோபென்சீன். இயல்பாக அது நீட்டி நிமிர்ந்திருக்கும். ஒளி பட்டால் மடங்குகிறது என்று 1937-இல் ஹார்ட்லி என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் கண்டறிந்தார். நிமிர்ந்திருக்கையில் முனைக்கு முனை ஏறத்தாழ 0.9 நானோமீட்டர், மடங்கினால் 0.55. புற ஊதா ஒளி மடக்கும். நீல ஒளியோ வெப்பமோ மறுபடி நிமிர்த்தும்.

கரைசலில் இதெல்லாம் சுலபமாக நடக்கிறது. உலோகத்தின் மேல் வைத்தால்தான் தொல்லை. ஒளியை வாங்கிய மூலக்கூறு மடங்கச் சிறிது அவகாசம் வேண்டும். ஒரு வினாடியை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்கு, அவ்வளவுதான். அந்த அவகாசத்தைக்கூடத் தங்கம் கொடுப்பதில்லை. அதில் அலையும் எலக்ட்ரான்கள் மூலக்கூறு வாங்கிய ஆற்றலை உடனே உறிஞ்சிவிடுகின்றன. இதைத் தாண்ட, கலிபோர்னியாவின் பெர்க்லியில் மைக்கேல் குரோமியின் குழு 2007-இல் ஒரு வழி செய்தது. மூலக்கூறுக்கு நான்கு பருமனான கரிமக் கால்களை ஒட்டி, தங்கத்திலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தார்கள். புற ஊதா ஒளியில் தனித்தனி மூலக்கூறுகள் உருமாறுவது நுண்ணோக்கியில் தெரிந்தது.

நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் மண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தில் கே. ஜார்ஜ் தாமஸின் குழு 2003-லேயே தங்க நானோ துகள்களின் மேல் ஸ்பைரோபைரான் என்ற வேறொரு ஒளிமாறியைப் பதித்திருந்தது. புற ஊதா ஒளியில் அது விரிந்து அமினோ அமில வகை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும்; கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டால் விட்டுவிடும். நானோ துகள் உருண்டை என்பதால் மூலக்கூறுகளின் வெளிமுனைகளுக்கு இடையே இடமும் கிடைக்கும்.

தட்டையான தங்கத்தில் அசோபென்சீன் வகை மூலக்கூறுகளை நெருக்கியடித்து நிறுத்தினால்? மடங்க இடம் ஏது என்றுதான் யாருக்கும் தோன்றும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் பாவ்லோ சமோரியும், பாசலின் மார்செல் மேயரும், இத்தாலியின் மரியா அனிதா ராம்பியும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைத்த முடிவு இதுதான். அவர்களுடைய மூலக்கூறு விறைப்பான குச்சி போன்றது. ஒரு முனையில் கந்தகம். அது தங்கத்தை இறுகப் பிடிக்கும். குச்சிகள் நின்றவாக்கில் வரிசை கட்டும், ஒளி வாங்கும் பகுதி உலோகத்துக்குச் சற்று எட்டவே இருக்கும். ஒளி பாய்ச்சிய பின் நுண்ணோக்கியில் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்ல, ஒழுங்காக அடுக்கிய ஒரு பாத்தி முழுவதுமே மாறியிருந்தது.

தறியில் மிதிகட்டையை அழுத்தினால் பாவு இழைகள் கூட்டமாக எழும். ஆனால் அவற்றைத் தூக்க விழுது உண்டு. இங்கே தூக்கிவிட யாரும் இல்லை. அண்டை மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்து, சாய்ந்து நிற்கின்றன. ஒன்று மடங்கினால் அதன் பக்கத்தில் இருப்பதற்கு இடமும் கிடைக்கிறது, பழைய பிடிப்பும் தளர்கிறது. பாதி நிமிர்ந்தும் பாதி மடங்கியும் நிற்பது பாத்திக்கு ஒவ்வாத நிலை. அதனால் எல்லாம் நிமிர்ந்து நிற்கும், இல்லையென்றால் எல்லாம் மடங்கிவிடும். ஒரு பாத்தியை ஒரு தகவல் புள்ளியாக வைத்து மிக நெருக்கமாகத் தரவுகளைச் சேமிக்கலாம் என்ற யோசனை இதிலிருந்துதான் வந்தது.

அடுத்த ஆண்டு, 2008-இல், இந்தக் கூட்டணி இன்னொரு படி போனது. இதே மூலக்கூறுப் படலத்தின் மேல் பாதரசத் துளியை அமர்த்தி மின்சாரம் செலுத்தினார்கள். மூலக்கூறுகள் மடங்கியபோது பாதை குறுகி மின்னோட்டம் கூடியது. நிமிர்ந்தபோது எல்லாம் சேர்ந்து அந்தப் பாதரசத்தையே மேலே தூக்கின, மின்னோட்டம் குறைந்தது.