பார்ட் டூ ஆங்கிலத்திலிருந்து ஆய்வேடு வரை

 

பல்கலைக்கழக ஆங்கிலத்தைத் தொடக்க நிலையிலிருந்து உயர்நிலை வரை எப்படிக் கற்பிப்பது என்று இரண்டு நாள் பேசுவதற்கு மதுரை ஆரப்பாளையத்தில் இந்த மாநாட்டில் கூடியிருக்கிறோம். இந்தப் பொருளுக்கு ஏற்ற ஊர் இது. தேனி, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகள் காலையில் வந்து இறங்குவது இங்குள்ள பேருந்து நிலையத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அறிவியலையும் கணக்கையும் வரலாற்றையும் தமிழில் படித்தவர்கள் அவர்கள். பலருடைய வீட்டில் அவர்களுக்கு முன்னால் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. அவர்கள் முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்ததும் விலங்கியலும் பொருளாதாரமும் ஆங்கிலத்தில் வருகின்றன. பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவர் கடைசி பெஞ்சைத் தேடிப் போவதை இந்த அவையில் பலரும் பார்த்திருப்பீர்கள். அவருடைய அறிவு ஒரே கோடை விடுமுறையில் குறைந்துவிடவில்லை. அவர் அறிந்ததைச் சொல்லும் வழியைத்தான் நாம் அடைத்துவிட்டோம். என் உரை அவரைப் பற்றியது.

நம் நகரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சி விளம்பரம் இல்லாத தெரு குறைவு. அந்தப் பயிற்சியை நான் குறைத்துப் பேசவில்லை. வேலைக்கான நேர்முகத்தில் அது உதவும். ஆனால் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதில் எது சான்று, எது ஆசிரியரின் ஊகம் என்று பிரித்தறியும் திறன் வேறு. கனடாவில் குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979-இல் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்னார். பழகு பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடுகிறது. பாடமொழியில் மற்றவர்களோடு சமமாக நிற்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகிறது என்று பின்னர் கண்டார்கள். அவர்கள் நாள் முழுதும் ஆங்கிலம் சூழ வளர்ந்த குழந்தைகள். நம் மாணவருக்கு ஆங்கிலம் வகுப்பு மணி அடிக்கும்போது வந்து, மறுபடி மணி அடிக்கும்போது போய்விடுகிறது. கம்மின்ஸ் சொன்ன இன்னொன்று நமக்கு மிகவும் வேண்டியது: தாய்மொழியில் ஆழமாகக் கற்ற சிந்தனைத் திறன் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்பது. நம் கல்லூரிகளின் நடைமுறை இதற்கு நேர்மாறாக, தமிழை ஆங்கில வகுப்பின் வாசலிலேயே நிறுத்திவைக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். கல்விப்புல ஆங்கிலம் என்பது அடிப்படையில் வாதிடும் முறை. அந்த முறை தமிழில் இருக்கிறது. தமிழில் வாதிடக் கற்றுக்கொடுத்து, அதன் மேல் ஆங்கிலத்தைக் கட்ட வேண்டும்.

ஆங்கில ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை எப்படி அமைகிறது என்பதை ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். கட்டுரையாளர் முதலில் தம் துறையில் இதுவரை நடந்ததைச் சொல்லிக் களத்தைக் காட்டுகிறார். அடுத்து அதில் விடுபட்டதையோ பிழைபட்டதையோ சுட்டுகிறார். பிறகு அந்த இடத்தை நிரப்பத் தாம் என்ன செய்யப்போகிறார் என்கிறார். உலகெங்கும் ஆய்வெழுத்து வகுப்புகளில் இதைத்தான் கற்பிக்கிறார்கள். நம் ஆய்வு மாணவர்களும் இதை வெளிநாட்டுச் சரக்காகவே மனப்பாடம் செய்கிறார்கள்.

அதே மாணவர் நன்னூல் படித்திருப்பார். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் அதன் பாயிரத்தில் நூலாசிரியர் கொள்ளும் ஏழு மதங்களை, அதாவது கொள்கை நிலைகளை, வகுத்துக் காட்டுகிறார். பிறர் கருத்துக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, சிறிது தூரம் சென்றபின் களைவது மற்றொன்று. தானே ஒரு கருத்தை நாட்டி, அதை இறுதிவரை நிலைநிறுத்துவது உண்டு. இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் சாராமல் தன் கொள்கையில் நிற்பது ஆகியவையும் உண்டு. ஸ்வேல்ஸ் சொன்ன மூன்று நகர்வுகளும் இதனுள் அடங்கும். அவர் பிரித்துக் காட்டாத நுட்பமும் இதில் இருக்கிறது. பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பின் களைவதை முனைவர் பட்ட மாணவருக்குக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது ஆய்வேடு திருத்தியவர்களுக்குத் தெரியும். எழுத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையைத் திறந்தால் போதும். தமக்கு முந்தைய உரையாசிரியரான இளம்பூரணரின் கருத்தை மதிப்போடு எடுத்துச் சொல்லி, காரணம் காட்டி, அது பொருந்தாது என்று நிறுவும் இடங்கள் அதில் வரிசையாக வருகின்றன.

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொன்னதையே சொல்வது, முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது, போகப்போக நடை தேய்ந்துபோவது என்று அந்தப் பட்டியல் போகிறது. ஆங்கில இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பும்போது எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் இவைதாம். இளங்கலையின் பார்ட் ஒன் தமிழ் வகுப்பில் இதை இலக்கணச் செய்தியாக ஒப்பித்துவிட்டு, பார்ட் டூ ஆங்கில வகுப்பில் ஒன்றும் அறியாதவராக நம் மாணவர் உட்காருகிறார். இரண்டு துறைகளுக்கும் நடுவே இருப்பது ஒரு தாழ்வாரம்தான். அதைக் கடந்து போய் ஒருவரோடொருவர் பேசாதது நம் குறை.

இந்த வழி நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு மதுரைப் பல்கலைக்கழகமே விடை. 1966-இல் அது தொடங்கப்பட்டபோது முதல் துணைவேந்தராக வந்தவர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். தமிழ் இலக்கியத்தின் வரலாற்றையும் தமிழ் மொழியின் வரலாற்றையும் உலக அறிஞர்கள் படிக்கும் ஆங்கிலத்தில் எழுதியவர் அவர். 1971-இல் அந்தப் பொறுப்புக்கு வந்த மு.வரதராசனார் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கியவர். வித்துவான் தேர்வு எழுதி, பள்ளித் தமிழாசிரியராகி, மேற்பட்டங்களுக்குத் தாமே படித்து உயர்ந்தார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. 1957-இல் நூலாகவும் வந்தது. தமிழில் ஆழக் காலூன்றியதுதான் அவர்களுடைய ஆங்கில எழுத்துக்கு உரம் தந்தது என்பது என் உறுதியான கருத்து. அதற்கும் முன்னால், 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே 'செந்தமிழ்' இதழ் வந்தது. ஆய்வுக் கட்டுரையும் அதற்கு மறுப்பும் தமிழிலேயே நடந்த இதழ் அது. ஆய்வு இதழ் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

தமிழையும் ஆங்கிலத்தையும் இணைக்கும் இந்த வழியை மாணவர் பக்கத்திலிருந்து பார்க்க யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். போரும் மின்வெட்டும் தட்டுப்பாடும் சூழ்ந்த 1990-91-இல், கலைப்பீடத்து முதலாண்டு மாணவர்களின் கட்டாய ஆங்கில வகுப்பை அவர் ஆராய்ந்தார். பாடநூல் அமெரிக்க வாழ்க்கையை வைத்து எழுதப்பட்டது. மாணவர்கள் வகுப்பில் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய புத்தக ஓரங்களைப் பார்த்தபோது அங்கே தமிழ்க் குறிப்புகளும் படங்களும் இருந்தன. பாடப்படத்தில் இருந்த மனிதர்களைத் தம் ஊர் மனிதர்களாக மாற்றி வரைந்திருந்தார்கள். பாடத்தைத் தம் வாழ்க்கையோடு இணைக்க வகுப்பு இடம் தராததால், ஓரத்தில் அவர்களே இணைத்துக்கொண்டார்கள். 1999-இல் வந்த அவருடைய நூல் இதை விரிவாகப் பதிவு செய்கிறது. நம் கல்லூரி நூலகத்துப் புத்தகங்களின் ஓரங்களிலும் பென்சிலால் எழுதிய தமிழ்ப் பொருள்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை யாராவது திரட்டி ஆராய வேண்டும். மாணவர் எந்த இடத்தில் தடுமாறினார், எப்படித் தாமே வழி கண்டார் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது.

கனகராஜாவின் அடுத்த நூல் 2002-இல் வந்தது. விளிம்பு நாடுகளின் அறிஞர் எழுதும் கட்டுரை மேலைநாட்டு இதழில் ஏன் இடம்பெறுவதில்லை என்று அது கேட்கிறது. நல்ல தாள் இல்லை, புதிய இதழ்கள் கைக்கு வருவதில்லை, அஞ்சல் எப்போது போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. அறிவோடு தொடர்பில்லாத இந்தக் காரணங்கள் அறிவின் அளவுகோலாக நின்றன. இதைச் சொல்லாமல் மாணவரின் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்வது அநியாயம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் பார்ட் டூ ஆங்கிலம் நான்கு செமஸ்டர் நடக்கிறது. கவிதை, சிறுகதை, உரைநடை, கொஞ்சம் இலக்கணம். இலக்கியம் படிப்பது நல்லதுதான். ஆனால் விலங்கியல் மாணவர் இந்த நான்கு செமஸ்டரில் விலங்கியல் கட்டுரை ஒன்றைக்கூட ஆங்கில ஆசிரியரின் துணையோடு படிப்பதில்லை. கைடு வாங்கி, வினா விடையை உருப்போட்டு எழுதித் தேறிவிடுகிறார்.

தொடக்க நிலையில் வாசிப்பை முன்வையுங்கள். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1926-இலேயே, வங்க மாணவருக்கு முதலில் வேண்டியது ஆங்கிலத்தில் படிக்கும் திறன் என்று வாதிட்டார். அவர் 1953-இல் வெளியிட்ட ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் இன்றும் பயன்படுகிறது. அதைத் தாண்டிய சொற்களை நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் தொகுத்தார். 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விப்புல எழுத்துகளிலிருந்து 570 சொற்குடும்பங்களைப் பிரித்தெடுத்தார். எந்தத் துறை நூலிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அவற்றில் ஒன்றாக இருக்கும். முதலாண்டிலேயே இவற்றை மாணவரின் சொந்தத் துறைப் பத்திகளுக்குள் வைத்து, தமிழில் விளக்கிப் படிக்க வைக்கலாம்.

இடைநிலையில் சுருக்கி எழுதுதல். ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் படித்து அதன் வாதத்தை முதலில் தமிழில் ஐந்து வரியில் எழுதட்டும். தமிழில் எழுத முடியவில்லை என்றால் சிக்கல் மொழியில் இல்லை, கட்டுரை புரியவில்லை என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும். இங்கேதான் வாக்கிய அமைப்பின் இடர் வரும். தமிழில் அடைகளையும் எச்சங்களையும் முன்னால் அடுக்கிக்கொண்டே போய், வினைமுற்றைக் கடைசியில் வைக்கிறோம். ஆங்கிலத்தில் யார் என்ன செய்தார் என்பது முன்னால் வந்து, விவரம் பின்னால் தொடர வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மாணவர் எச்சத்துக்கு எச்சம் ‘அண்ட்’ போட்டு அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம் எழுதுகிறார். தமிழ் வாக்கியத்தின் முற்றுவினையை அடிக்கோடிடச் சொல்லி அங்கிருந்து ஆங்கிலத்தைத் தொடங்க வைத்தால், ஒரு பருவத்திலேயே மாற்றம் தெரியும்.

உயர்நிலையில் உறுதியின் அளவைக் கற்பிக்க வேண்டும். நம் ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் ‘ப்ரூவ்’ பண்ணிவிடுகிறார்கள். தமிழ்க் கட்டுரையில் அதே ஆய்வாளர் ‘எனலாம்’ என்பார், ‘எனக் கருத இடமுண்டு’ என்பார், சான்று வலுவாக இருக்கும்போது மட்டும் ‘என்பது உறுதி’ என்பார். கையில் இருக்கும் சான்றுக்கு மேல் பேசாத அந்த ஒழுக்கம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு இணையான ஆங்கில வடிவங்களை அவருக்கு யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

ஒன்றைக் கவலையோடு சொல்கிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது இதழில் வந்திருக்க வேண்டும் என்று 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி விதித்தது. 2022 நவம்பரில் வந்த விதிகளில் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் வெளியீட்டுக் கணக்கு இன்னும் கேட்கப்படுவதால் அவை மறையவில்லை. எழுத்துத் திருட்டைத் தடுக்க 2018-இல் வந்த விதிமுறை பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. மாணவர்கள் அதை எழுத்து நேர்மையின் இலக்கணமாகவே எடுத்துக்கொண்டு, மென்பொருள் காட்டும் எண்ணைக் குறைக்கச் சொற்களை மாற்றிப்போடுகிறார்கள். இப்போது சாட்ஜிபிடி வந்த பிறகு பிழையில்லாத ஆங்கிலம் நொடியில் கிடைக்கிறது. அதில் மாணவரின் வாதம் எங்கே என்று கேட்டால் அவரால் காட்ட முடிவதில்லை. தம் வாதத்தைத் தமிழில் தெளிவாக வைத்திருப்பவருக்கு அந்தக் கருவி எழுத்தராக உதவும். வாதம் இல்லாதவருக்கு அதுவே ஆசிரியராகிவிடும். வாய்மொழித் தேர்வில் இந்த வேறுபாடு இரண்டு கேள்விகளில் வெளிப்படுகிறது.

எதைச் செய்தாலும் தேர்வுத்தாள் மாறாவிட்டால் வகுப்பறை மாறாது. பார்ட் டூ தேர்வில் மாணவர் இதுவரை பார்த்திராத ஒரு துறைப் பத்தியைக் கொடுத்து, அதன் வாதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சுருக்கி எழுதச் சொல்லும் வினா ஒன்று கட்டாயமாக இருக்க வேண்டும். அதைத் திருத்தும்போது தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இதற்கான மாதிரி வினாத்தாள் ஒன்றை இந்த இரண்டு நாளுக்குள் வரைவு செய்து, பாடத்திட்டக் குழுக்களுக்கு அனுப்பும்படி மாநாட்டைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை படிப்பவர்கள் தங்கள் ஆங்கிலக் கட்டுரையின் சாரத்தை முதல் இரண்டு நிமிடம் தமிழில் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். பின்வரிசையில் இருக்கும் இளங்கலை மாணவர்கள் கேள்வி கேட்க அது வழிவிடும். அவர்கள் தமிழில் கேட்கட்டும். விடை சொல்பவர் இரு மொழியிலும் சொல்லட்டும். மாநாட்டைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளரை அழைக்கிறேன்.