மாத்திரைக்கு முன் சாம்பிள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக்கைச் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவி பேசியதை எழுத்து வடிவில் தருகிறோம்.)



"லீவில்தானே இருக்கிறாய், காய்ச்சல் பற்றி ஏதாவது பேசு" என்றார் செயலாளர் அக்கா. இரண்டாம் வருடம்தான் முடித்திருக்கிறேன். மருந்து சொல்லும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. அதனால் இந்த வருடம் படித்த ஒரு பாடத்தைப் பற்றிச் சொல்கிறேன். மைக்ரோபயாலஜி, அதாவது நுண்ணுயிரியல்.

முதலில் எனக்கு இது பிடிக்கவே இல்லை. வாயில் நுழையாத பெயர்கள். கிராம் ஸ்டெயின் என்று ஒன்று உண்டு. கண்ணாடித் துண்டில் சாம்பிளைத் தடவி, ஊதாச் சாயம், அயோடின் விட்டு, ஆல்கஹாலால் கழுவி, கடைசியில் சிவப்புச் சாயம் விட வேண்டும். ஊதா தங்கினால் ஒரு வகைக் கிருமி, சிவப்பானால் வேறு வகை. முதல் நாள் நான் அதிகமாகக் கழுவிவிட்டேன். ஊதாவாகத் தெரிய வேண்டியது சிவப்பாகத் தெரிந்தது. என் விரல்தான் இரண்டு நாள் ஊதாவாக இருந்தது.

கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றுவது அகார். நோன்புக் காலத்தில் நம் வீடுகளுக்குக் கிண்ணத்தில் வருமே கடல்பாசி, அதே சரக்குதான். முன்பு ஜெலட்டினில் வளர்த்தார்கள். அது உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். 1881-ல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற அம்மா, தன் சமையலறையில் ஜெல்லி செய்ய வைத்திருந்த அகாரை, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கணவருக்குச் சொன்னார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

இந்தப் பாடத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது டாக்டர் செல்லப்பன் நிர்மலாவின் கதையைக் கேட்ட பிறகு. 1985 கடைசியில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேற்படிப்பு மாணவி. இரண்டு சின்னக் குழந்தைகள். ஆய்வுக்குத் தலைப்பு தேடியபோது, பேராசிரியர் சுனிதி சாலமன் எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அப்போது அது வெளிநாட்டு வியாதி என்றுதான் பேச்சு. நிர்மலாவுக்குத் தயக்கம். கணவர்தான் தைரியம் சொல்லி, மயிலாப்பூரில் பெண்களை வைத்திருந்த காப்பகத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார்.

மூன்று மாதத்தில் 80 பேருக்கு மேல் ரத்தம் எடுத்தார். கையுறை இல்லை. எதற்காக எடுக்கிறார் என்று அந்தப் பெண்களுக்கும் சொல்லவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பிரித்தெடுத்த சீரத்தை வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். 1986 பிப்ரவரியில் கணவரோடு ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது 6 சாம்பிள்கள் மஞ்சளாக மாறின. திரும்பவும் அந்த 6 பேரிடம் ரத்தம் எடுத்து, அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. நிர்மலா ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அவ்வளவுதான், பெரிய விளம்பரம் எதுவும் இல்லை.

சோதனைக்கு ஆனது ஒரு நாள். சாம்பிளைச் சேர்த்து, கெடாமல் கொண்டுபோகத்தான் அத்தனை பாடு.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. போன வருடம் அப்பத்தாவுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும். முதல் வருடம் படித்த எனக்கு எலும்பின் பெயர்தான் தெரியும். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் நான் டாக்டர். அத்தைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கில் மூன்று மாத்திரையை நானேதான் எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் உடம்பு தூக்கிப்போடுகிற குளிரோடு திரும்ப வந்தது. பழனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். யூரின் கல்ச்சரில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்தது.

"அப்போ கிருமி இல்லைதானே?" என்று அப்பா சந்தோஷப்பட்டார். நானும்தான். டாக்டர் சந்தோஷப்படவில்லை. நான் கொடுத்த மாத்திரை தட்டில் கிருமியை வளரவிடாமல் செய்ததே தவிர, உள்ளே இருந்ததைத் தீர்க்கவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க வழியில்லாமல், அனுமானத்தில் ஊசி போட்டார்கள். ஒன்பது நாள் படுக்கை.

ஆகவே டாக்டர் கல்ச்சர் எழுதினால், மாத்திரை போடும் முன்பே சாம்பிள் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரிசல்ட் வரும்வரை மருந்தே வேண்டாம் என்று அர்த்தமில்லை. சாம்பிள் எடுத்த கையோடு டாக்டர் மருந்தைத் தொடங்குவார். யூரின் என்றால் முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும். லேபில் தரும் டப்பாவில்தான், கழுவிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வேண்டாம். ரிப்போர்ட் ஏன் லேட் என்று அங்கே சண்டையும் போடாதீர்கள். கிருமி வளர ஒரு ராத்திரி, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்க இன்னொரு ராத்திரி ஆகும்.

அப்பத்தா இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வீட்டு மாத்திரை டப்பா இப்போது அவர் பீரோவில் இருக்கிறது. சாவியை என்னிடம்கூடத் தருவதில்லை.