கோதுமையும் ஒரு குழந்தையின் சோகையும்



பெங்களூரில் குடியேறிய பின் எங்கள் மகள் ஆறு ஆண்டுகள் வயிற்றுப்போக்காலும் சோகையாலும் வாடினாள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தோம். பூச்சி மருந்தும் கொடுத்தோம். காலையில் ரவை உப்புமா, இரவில் சப்பாத்தி. அவ்வுணவே பகையென்று நாங்கள் எண்ணினோமில்லை.

இந்நோய்க்குச் சீலியாக் என்று பெயர். கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் உட்சென்றால், உடலின் காவற்படையே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உண்ட சத்து உடலில் ஒட்டுவதில்லை. ஹாலந்து நாட்டு மருத்துவர் டிக்கே, கோதுமையின் தீங்கினை 1950-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார்.

2016-இல் வெளிவந்த ஆய்வொன்றில், வயது வந்தோருள் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினர்க்கும், தென்னாட்டில் 0.10 விழுக்காட்டினர்க்கும் இந்நோயைக் குறிக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் காணப்பட்டன. நோய் அரிதாதலின் ஐயுறுவாரும் அரியர்.

முதலில் இரத்தத்தில் டி.டி.ஜி. சோதனை, பின்னர் எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடல் திசுச் சோதனை. இவை முடியுமுன் கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோய் புலப்படாது போகலாம்.

நோய் உறுதியானபின் வாழ்நாள் முழுதும் அவ்வுணவை விலக்குவதே மருந்து. அரிசியும் இம்மண்ணின் கேழ்வரகும் நமக்குத் துணை. கடைப் பெருங்காயத் தூளிலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. உறையைப் படித்து வாங்குக. இன்று எங்கள் மகள் கேழ்வரகுக் களி உண்டு நலமாக இருக்கிறாள்.

அன்பர்களே! காரணம் விளங்காத சோகை உங்கள் இல்லத்தில் நீடித்தால், "கோதுமையாக இருக்குமோ?" என்று மருத்துவரை ஒருமுறை கேளுங்கள். ஆறு ஆண்டுகள் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.