குறவஞ்சியில் கிறிஸ்து: வேதநாயக சாஸ்திரியாரின் ஜானர் மாற்றம்

இந்த எபிசோட்ல நாம பேசப்போற மியூசிஷியன், கிராமபோன் வர்றதுக்கு முன்னாடியே மறைஞ்சுட்டார். ஆனா அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சர்ச்சுல நீங்க கீர்த்தனை கேட்டு வளர்ந்திருந்தா, இவரோட வேலையை ஏற்கெனவே கேட்டிருக்கீங்க.

வேதநாயக சாஸ்திரியார். 1774-ல திருநெல்வேலியில பிறந்தவர். சின்ன வயசுலயே ஷ்வார்ட்ஸ்ங்கிற ஜெர்மன் மிஷனரி இவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வெச்சார். அங்க ஷ்வார்ட்ஸ்கிட்ட படிச்ச இன்னொரு பையன், பின்னாடி மன்னரான இரண்டாம் சரபோஜி.

அந்தக் காலத்து லுத்தரன் சபைகள்ல ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி, அதே ஐரோப்பிய மெட்டுல பாடுவாங்க. வார்த்தை நம்மது, மெட்டு அவங்களது. சாஸ்திரியார் ராகம், தாளத்தோட கீர்த்தனை எழுதினார். அதோட நிக்கலை, குறவஞ்சியையே கையில எடுத்தார்.

குறவஞ்சின்னா கோயில்லயும் அரண்மனையிலயும் ஆடுற நாட்டிய நாடகம். உலா வர்ற தலைவனைப் பார்த்துத் தலைவி மயங்குவா, குறத்தி வந்து குறி சொல்லுவா. சாஸ்திரியாரோட ‘பெத்லகேம் குறவஞ்சி’யில தலைவன் கிறிஸ்து, தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறி சொல்ற குறத்திதான் விசுவாசம். நடுவுல சூரியனைப் பூமி சுத்துதுங்கற கோப்பர்நிக்கஸ் வானவியலும் வருது! நம்ம பாஷையில சொன்னா, இன்டர்ஃபேஸ் அதேதான், உள்ள ஓடுற கோடு வேற. அதனாலதான் கேட்டவங்களுக்கு அது அந்நியமா தெரியலை.

இப்போ கஷ்டமான பகுதி. 1820-கள்ல புதுசா வந்த மிஷனரிகள், சபையில எல்லா சாதியும் ஒண்ணா உட்காரணும், ஒரே பாத்திரத்துல திருவிருந்து எடுக்கணும்னு சொன்னாங்க. வெள்ளாளரான சாஸ்திரியார் எதிர்த்தார், எதிர்த்து எழுதவும் செஞ்சார். அவரோட தமிழ் இசை மேலயும் அவங்களுக்கு மனக்குறை இருந்துச்சு. இசைக்கும் சாதிக்கும் சேர்த்து அவர் சொன்ன ஒரே பதில்: இது எங்க வழக்கம். மிஷனோட உறவு முறிஞ்சப்போ, சரபோஜி அவருக்கு அரசவையில இடம் கொடுத்தார்.

‘நம்ம வழக்கம்’ங்கற ஒரே வாதம் ஒரு பக்கம் அற்புதமான இசையைக் காப்பாத்துச்சு. இன்னொரு பக்கம் மனுஷனை மனுஷன்கிட்ட இருந்து பிரிச்சு வெச்சுச்சு. ரெண்டும் ஒரே ஆள்தான். ஒண்ணை மட்டும் எடுத்துச் சொன்னா அது பாதிக் கதை.

1864-ல அவர் இறந்துட்டார். தனியா உட்காரணும்னு அவர் நினைச்ச மக்களோட வாரிசுகளும் இன்னிக்கு ஒரே பெஞ்சுல உட்கார்ந்து அவர் கீர்த்தனையைப் பாடுறாங்க. பாட்டு, எழுதினவரைத் தாண்டி வந்துடுச்சு. நாம எவ்வளவு தூரம் வந்திருக்கோம்? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.