முற்றாத கையும் முரட்டு ஆட்டமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தமிழ்ச் சங்க விழாவில் சங்கப் பாட்டைப் பேசாது சீட்டாட்டத்தைப் பேச வந்தோமே என்று சிலர் புருவம் நெரிக்கலாம். ஆயினும், சென்னையிலிருந்து இத்தீவுக்குக் கப்பலேறி வந்தோருள் சீட்டுக் கட்டைக் காணாதார் எவர்? கரை மறைந்ததும் பாய் விரியும். பாய் விரிந்ததும் சீட்டு விழும். மூன்று நாளும் அதுவே பொழுதுபோக்கு. அன்று நாம் கண்டது ரம்மி. இன்று நம் இளைஞர் நாவில் உலவுவது போக்கர். இவ்விரண்டையும் திறன் சார்ந்த ஆட்டங்கள் என்றே 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டது. அத்திறன் யாது என்று கேட்டால், ஆடுவோரிற் பலர் வாய் திறவார். அதன் ஒரு கூற்றை மட்டும் இன்று விளக்க முற்படுகின்றோம். பணயம் புளியங்கொட்டை என்றே வைத்துக்கொள்வோம். தாய்மார்கள் அஞ்ச வேண்டா!

ஆட்டத்தின் அமைப்பு எளிது. ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று, பின்னர் ஒன்று, இறுதியில் ஒன்றெனத் திறக்கப்பெறும். ஏழனுள் சிறந்த ஐந்தே ஒருவரது கை. ஒவ்வொரு திறப்பின் பின்னும் பணயம் கட்டலாம், ஏற்றலாம், அஞ்சினால் சீட்டை மடக்கி விலகலாம்.

இப்பொழுது நம் கையில் ஆட்டின் இரண்டு; நடுவில் திறந்த மூன்றில் ஆட்டின் இரண்டு. இன்னும் ஓர் ஆட்டின் விழுந்தால் ஓரினச் சீட்டு ஐந்தும் கூடிப் பெருங்கையாகும். விழாவிடில் ஒன்றுமில்லை. இதனையே முற்றாத கை என்கின்றோம். நாம் காணாத 47 சீட்டுகளில் 9 ஆட்டின் உண்டு. எஞ்சிய இரு திறப்புக்குள் அவற்றுள் ஒன்றேனும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 35.

எதிரே அமர்ந்திருப்பவரோ முரட்டு ஆட்டக்காரர். கையில் சரக்கிருந்தாலும் இல்லாவிடினும் கட்டிக்கொண்டே இருப்பார். நடுவில் 100 புளியங்கொட்டை. அவர் 50 கட்டுகிறார். நாமும் 50 கட்டினால் குவியல் 200. ஆக, நூற்றுக்கு 25 முறை வென்றாலே நமக்கு நட்டமில்லை. நம் வாய்ப்போ 35. கட்டிவிடலாமே என்று மனம் துள்ளும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். அந்த 35, இரு சீட்டையும் ஒரே விலையில் காண்பவனுக்கு உரிய கணக்கு. முரட்டு ஆட்டக்காரர் இரண்டாம் சீட்டை இலவசமாகக் காட்டுவாரா? அடுத்த சீட்டு பொய்த்தவுடன் 100 கட்டுவார். அப்போது எஞ்சியது ஒரே சீட்டு. வாய்ப்பு 20க்கும் சற்றுக் குறைவு. தேவையோ மீண்டும் 25. வென்றபின் அவரிடமிருந்து இன்னும் கறக்க முடியும் என்ற உறுதி இருந்தாலன்றி, அது வீண் செலவு.

இனி வலிய கை ஒன்றைக் காண்போம். நம்மிடம் ஆட்டின் எட்டும் ஒன்பதும். நடுவில் ஆட்டின் ஏழு, ஆட்டின் இரண்டு, கிளாவர் ஆறு. எந்த ஆட்டின் வந்தாலும் ஓரினம் கூடும். எந்தப் பத்தோ ஐந்தோ வந்தாலும் வரிசை கூடும். இருமுறை எண்ணிய இரண்டைக் கழித்தால் உதவும் சீட்டுகள் 15. இரு திறப்பில் ஒன்றேனும் வரும் வாய்ப்பு 54! கையில் ஒரு ஜோடிகூட இல்லை. ஆயினும் ஜோடி வைத்திருப்பவரை விட நாமே முந்தி நிற்கின்றோம். ஆனால் ஒரு சீட்டு பொய்த்துவிட்டால் இந்த 54, 33 ஆகச் சுருங்கும். முற்றாத கைக்கு வலிமை முதல் மூன்று சீட்டு திறந்த அந்த வேளையில்தான்.

ஆகவே அந்த வேளையிலேயே நாம் ஏற்ற வேண்டும். இருப்பு அளவாயின் முழுவதையும் வைத்துவிட வேண்டும். இருவரிடமும் 300 இருந்ததாகக் கொள்வோம். அவர் அஞ்சி விலகினால், சீட்டு எதுவும் வாராமலே 150 நம் பக்கம். விலகாது முழுவதும் வைத்தால் குவியல் 700. கூடிய கை வெல்லும் எனக் கொண்டால், சராசரியில் ஏறக்குறைய 380 நம்முடையது. நாம் வைத்ததோ 300. இன்னொரு பயனும் உண்டு. முழுவதும் வைத்தபின் அவர் மேலும் கட்டி நம்மை விரட்ட இயலாது. இரு சீட்டையும் கண்டே தீர்வோம். டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்னும் அமெரிக்கர் இவ்வகை ஏற்றத்தைப் பாதிப் பாசாங்கு என்ற பொருளில் பெயரிட்டார். பாசாங்கையும் கணிதத்துள் அடக்கலாம் என்பதை ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் 1944இல் வெளியிட்ட பெருநூலிலேயே காட்டிவிட்டனர்.

முரடரிலும் இருவகை உண்டு. எதிர்த்தால் ஓடுபவர் ஒருவகை. அவர்மீது சற்று மெலிந்த கையையும் ஏவலாம். எதற்கும் மடங்காதவர் மறுவகை. அவரிடம் பாசாங்கு செல்லாது, 15 சீட்டுக் கையே செல்லும். அவருக்குப் பின் ஆடும் இடத்தில் அமர்ந்தால், அவர் செய்வதைக் கண்டபின் நாம் முடிவு செய்யலாம். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது போர்க்களத்தை நினைந்து. சீட்டுக் களத்துக்கும் பொருந்துவதை அவர் விரும்பியிருப்பாரோ என்னவோ! சூதுக்கென 94ஆம் அதிகாரத்தையும் அவரே வைத்தார்.

அதற்குக் காரணமும் நம் கணக்கிலேயே உள்ளது. 54 வெற்றி என்றால் 46 தோல்வி. அந்த எட்டு வேறுபாடு நூறு முறை, ஆயிரம் முறை ஆடுபவனுக்கே கைகூடும். மாதச் சம்பளத்தை ஒரே கையில் வைப்பவனுக்கு இரண்டாம் முறை ஏது? இணைய ஆட்டத்தில் பொருளிழந்து உயிரையும் மாய்த்துக்கொண்டோர் பலர். அதனாலன்றோ தமிழ்நாட்டு அரசு 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது! திறனா வாய்ப்பா என்ற வழக்காடலைக் கடந்து, பணம் கட்டும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. அது நம் தீவுகளுக்கும் உரியது. திண்ணையில் புளியங்கொட்டை வைத்து ஆடுவதை அச்சட்டம் தொடவில்லை. ஐயமுள்ளோர் உணவுக்குப்பின் வருக. ஒரு கட்டும், ஒரு படி கொட்டையும் கொணர்ந்துள்ளோம்.