ரத்தம் நம்முடையது, ஆய்வகம் யாருடையது?

(காரவள்ளியில் மாணவர்களிடையே பேசியது)



இந்த அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு. நம்ம பிள்ளைகள் படிப்பும் அப்படித்தான். பிஎச்.டி. வரை மூச்சுப்பிடித்து ஏறியவர்கள் கடைசி வளைவில் இறங்கிவிடுகிறார்கள்.

1952இல் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து, இங்கேயும் அரிவாள் செல் உண்டு என்று லேமனும் கட்புஷும் எழுதினார்கள். ரத்தம் கொடுத்தது நம் சனம். நுண்ணோக்கியில் குனிந்தது வேறு ஆட்கள்.

செல் உயிரியல், வளர்சிதை மாற்றம் என்று ஆராய்கிற இடத்தில் விஞ்ஞானியாக வேண்டுமானால், பிஎச்.டி.க்குப் பிறகும் சில வருஷம் இன்னொரு ஆய்வகத்தில் உழைத்திருக்க வேண்டும். தேசிய போஸ்ட் டாக்டோரல் ஃபெலோஷிப் 2 வருஷம். வயது வரம்பு 35; நமக்கு 5 வருஷம் தளர்வு. ஆனால் பேராசிரியர் ஒருவர் சம்மதக் கடிதம் கொடுத்தால்தான் விண்ணப்பமே. அவரை நமக்கு யார் தெரியும்? 2006 சட்டமோ டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றுக்கு மாணவர் சேர்க்கை ஒதுக்கீட்டிலேயே விலக்குக் கொடுத்தது. பெங்களூர் என்.சி.பி.எஸ். அந்த நிறுவனத்தின் மையம்தான்.

வங்கிக் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். உதவித்தொகை ஏறிடுச்சா என்று பாஸ்புக்கை நீட்டும் ஆய்வு மாணவர், பட்டம் வாங்கியதும் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார். அடுத்த ஃபெலோஷிப் வரும்வரை சும்மா இருக்க நம்ம வீடு தாங்காது. அதைச் சோம்பல் என்கிறான், திறமையில்லை என்கிறான்.

கேட்போம்: இடைப்பட்ட மாதங்களுக்கு உதவித்தொகை, வாசலிலேயே ஒதுக்கீடு. நீங்களும் பட்டம் முடிய ஒரு வருஷம் முன்பே கடிதம் எழுதத் தொடங்குங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

இறங்காதீங்க.